அரை மாத்திரை

அக்கி போய் ஏழு மாதம்.
கொப்புளம் காய்ந்து, தோல் ஆறி,
இடது விலாவில் கையகலத்துக்கு
மங்கிய வரைபடம் ஒன்றுதான் மீதி.
பார்த்தால் ஒன்றுமில்லை.
பனியன் உரசினால் பத்து ஊசி.

விளாச்சேரியில் காவி குழைத்து
மூன்று நாள் எழுதினார்கள். குளுகுளுவென்று இருந்தது.
தோலுக்குக் கேட்டது. உள்ளே நரம்புக்குக் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரி வலிப் பிரிவில்
கேபாபென்டின், மூன்று வேளை.
வலி தூங்கியதோ என்னவோ, நான் தூங்கினேன்.
கீழமாசி வீதி வத்தல் மண்டியில்
நாற்பத்தொரு மூட்டை முண்டு வத்தலை
நூற்று நாற்பது என்று பேரேட்டில் ஏற்றினேன்.
முதலாளி சீனி ராவுத்தர்
ஏட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு
தேநீர் குடிக்கப் போய்விட்டார்.
திட்டியிருக்கலாம்.

மறுபடி போனபோது டாக்டர் தேவகிருபை கேட்டார்:
"என்ன வேலை பாக்குறீங்க?"
சொன்னேன்.
சீட்டில் ஒரு களிம்பை எழுதிக்கொண்டே சிரித்தார்.
"மிளகாய்க் காரந்தான் இதுல இருக்கு.
மாத்திரையை நிறுத்தாம இதையும் சேர்த்துப் போடுங்க.
குறைக்கிறதா இருந்தா நான் குறைக்கிறேன்,
நீங்களா குறைக்காதீங்க."

இருபத்திரண்டு வருஷம்
தும்மியும் இருமியும் ஓசியில் வாங்கிய காரம்
விரலளவுக் குழாயில், காசுக்கு, ரசீதோடு.

கையில் பால் கவரை மாட்டிக்கொண்டு
மரகதம் தடவிவிட்டாள்.
முதல் பத்து நாள், எரிகிற வீட்டில்
யாரோ மிளகாய் வறுத்த மாதிரி.
இரண்டு முறை குழாயைச் சாக்கடையில் எறியப் போனேன்.
பிறகு,
ஏலம் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போன
எங்கள் மண்டி பிச்சைக்கனியைப் போல
நரம்பு ஒருநாள் சைகைக்கு இறங்கியது.
இருக்கிறது. கத்தவில்லை.

மதிய வேளையைப் பாதியாக்கினார் டாக்டர்.
நடுக்கோட்டில் நகம் வைத்து உடைக்கையில்
உள் அறையில் மகள் இலக்கணம் ஒப்பித்தாள்:
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை,
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை.
யார் சொல்லிக்கொடுத்தது இவளுக்கு?

"பாத்தீங்களா, செடிதான் ஜெயிச்சுச்சு" என்கிறான் மச்சான்.
"மாத்திரைதான் வேலை செய்யுது,
அது சும்மா எரிச்சல்" என்கிறார் மெடிக்கல்காரர்.
எந்தப் பாதி யாருடையது என்று
விலா பிரித்துச் சொல்வதில்லை.
வரவு என்று மொத்தமாக எழுதிவைத்திருக்கிறேன்.
நாற்பத்தொன்று இப்போது நாற்பத்தொன்றுதான்.
இரண்டு தரம் கூட்டிப் பார்க்கிறேன், அது பழக்கமாகிவிட்டது.

நேற்று அவள் சீக்கிரம் தூங்கிவிட்டாள்.
நானே தடவிக்கொண்டு,
மறந்துபோய் அதே கையால் கண்ணைத் தேய்த்தேன்.
நடுராத்திரி குழாயடியில்
வாளி வாளியாய் முகத்தில் இறைத்துக்கொண்டு நிற்க,
எழுந்து ஓடிவந்தாள்.
"என்ன, வலிக்குதா?"

விலாவைத் தொட்டுப் பார்த்தேன்.
பனியன் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.
"கண்ணு மட்டுந்தான்."