இருபது லிட்டர்

"பெரிய பை, பக்கத்துக்கு இருபது லிட்டர் மேடம்"
என்றார் பசவராஜு.
துணிமணியை லிட்டரில் அளக்கத் தெரியாது எனக்கு.
இருபது லிட்டர் என்றால்
கக்கதாசபுரத்தில் மூன்று மாடி
தோளேறி வரும் தண்ணீர் கேன்.
மனசுக்குள் அதில் திணித்துப் பார்த்தேன்,
இரண்டு சுடிதார், போர்வை, பஞ்சர் பசை.
போர்வை வாயிலேயே நின்றுவிட்டது.

சின்னதென்றால் குதிகால் இடிக்காதாம்.
என் பாதம் நாலாம் நம்பர்.
கேரியரில் பெரியதை மாட்டி
கடைக்குள்ளேயே ஸ்டாண்டு போட்டு
அரைக் கிலோமீட்டர் காற்றை மிதித்தேன்.
இடிக்கவில்லை.

கறுப்பில் அழுக்குத் தெரியாது,
லாரிக்காரனுக்கு நானும் தெரியமாட்டேன்.
மஞ்சள்.

"சொட்டுத் தண்ணி உள்ளே போகாது, கேரண்டி."
ஏப்ரல் மாதம்.
இந்த ஊரில் எந்தத் தண்ணி
எதற்குள் போகத் தவிக்கிறது?

சோதித்துப் பார்க்க மழை இல்லை.
உள்ளே போகாதது வெளியேயும் வராதுதானே என்று
அன்றைக்கு வந்த குழாய்த் தண்ணீரில்
வலப் பையை நிரப்பி ஆணியில் தொங்கவிட்டேன்.
விடிந்தும் தரை காய்ந்தே கிடந்தது.

மறுநாள் டேங்கர் வரவில்லை.
அதற்கு மறுநாளும்.
ஜெனிலா மக்கோடு வந்து
பையிலிருந்து மொண்டு பல் தேய்த்தாள்,
குக்கர் கழுவினாள்,
"இன்னொன்று எங்கே?" என்றாள்.

சனிக்கிழமை தலக்காட்டுக்கு
எல்லாவற்றையும் இடப் பையில் அடைத்து
ஒருபக்கம் இழுக்கிற சைக்கிளில் கிளம்பினேன்.
பால்கனியிலிருந்து கத்தினாள்:
"காலியா வராதே,
காவிரி அங்கேதானே ஓடுது!"