வில்லங்கம்

பென்சில்வேனியாவில் எங்கள் மாவட்டப் பதிவகத்தில்
புத்தகம் ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம்.
தூக்கி இறக்குவது என் உத்தியோகம்.

செவ்வாய்க்கிழமை பெட்ரொனேலா ஜூகாஸ் வந்தாள்,
உள்ளங்கையில் ஒரு கோலிக்குண்டு.
சமையலறையில் வைத்தால்
தானே நடந்து வடக்குச் சுவரைத் தொடுகிறதாம்.
போன வருஷம் அடுப்பு வரைக்கும்தான் போயிற்றாம்.
"என் வீட்டுக்குக் கீழே இருப்பது யாருடையது?"

அவள் பத்திரத்தை விரித்தேன்.
வீடு அவளுடையது. வேலியும் புல்லும்
வேர் போகும் ஆழம் வரை அவளுடையது.
அதன்கீழ் உள்ள கரி விற்றவருக்கே.
தரை இறங்கினாலும் சுவர் பிளந்தாலும்
விற்றவர் பொறுப்பல்ல.
வாங்கியவர்: அவள் அப்பா.
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கினோம்.
முதலில் ஹெப்சிபா ட்ரெஸ்காட், விதவை.
தீப்பிடிக்காத கல் என்று அள்ளிச்
சேற்றுப் பாதையில் கொட்டினாள்,
ஆறு பசுமாட்டின் விலைக்கு மலையை விற்றாள்.
வாங்கிய ஆரன்வுட் சகோதரர்களுக்கு
அந்தக் கல்லைப் பற்றவைக்கத் தெரிந்திருந்தது.
பிறகு ரயில் கம்பெனி.
ரயில் கம்பெனியிடமிருந்து அதே கம்பெனி, வேறு பெயரில்.
பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வங்கி.
வங்கிக்காரர் ஒருவரும் இந்தப் பக்கம் வந்ததாகப் பதிவில்லை.

ஆந்த்ரசைட், தொட்டால் ஒட்டாத கரி.
எத்தனை கை மாறியும்
ஒரு கையும் கறுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு,
கிரயப் பத்திரம், இணைப்பு அட்டவணை.
தண்டவாளம் நாலு மைல்.
நீரிறைக்கும் எந்திரம் இரண்டு, ஒன்று பழுது.
விளக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
கோவேறு கழுதை பதினேழு:
பெஸ், ட்யூக், கிழட்டு மார்த்தா,
ஒற்றைக்கண் ஜெப்...

"மறுபடியும் வாசியுங்கள்."
வாசித்தேன்.
அதற்கு முந்திய மார்ச்சில்
நாலாம் அடுக்கில் தண்ணீர் புகுந்தது.
ஐந்து பேரை உள்ளே விட்டு
வழியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.
அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"ஜெப் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள்,
எங்கள் அப்பா இல்லையே?"
இல்லை.
"அப்படியென்றால் விற்கவில்லை."
எனக்குச் சட்டம் தெரியாது, அம்மா, என்றேன்.
புத்தகத்தை மூட வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகும் ஐந்து கிரயம் உண்டு.
மலையை மேலிருந்து உரித்தவன்,
உரித்த பள்ளத்தில் குப்பை கொட்டியவன்,
கடைசியாக டெலவேரில் ஒரு தபால்பெட்டி,
ஒரு டாலருக்கு.
ஐந்திலும் ஒரு வரி மட்டும் மாறவில்லை:
சுரங்கத்து ஜலம் நீங்கலாக.
ஓடையில் அது ஆரஞ்சு நிறத்தில் வந்துகொண்டிருக்கிறது,
சொந்தக்காரர் இல்லாமல்.

கழுதைப் பக்கத்துக்கு நகல் கேட்டாள்.
இருபத்தைந்து சென்ட்.
தபால்பெட்டி எண்ணையும் எழுதித் தரச் சொன்னாள்.
கடிதமா, என்றேன்.
"கடிதம் எதற்கு? இதை அனுப்பப் போகிறேன்.
அவர்கள் தரையில் வைத்துப் பார்க்கட்டும்."

எங்கள் அலுவலகத் தராசில் கோலியை நிறுத்தேன்.
முள் அசைந்ததா என்று
இருவரும் குனிந்து பார்த்தோம்.