இடப்பக்கம் ஒடித்தால் மட்டும்

நேராகப் போனால் ஒன்றுமில்லை என்றார் மாசிலாமணி.
இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் டக் டக் டக்கென்று
யாரோ கீழே உட்கார்ந்து உச்சுக்கொட்டுகிற மாதிரி.

ஃபோர்டு ஐகான். இரண்டாயிரத்து மூன்று.
பாண்டி நம்பர், கடலூர்த் துரு.
கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது,
வண்டி போகவில்லை.

இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம்தான் கத்தும்,
பாரம் அங்கேதான் சாய்கிறது.
சொன்னால் யாரும் நம்புவதில்லை,
இடது சக்கரத்தையே உதைத்து உதைத்துப் பார்க்கிறார்கள்.

அம்பாசிடரைப் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்;
முன் சக்கரத்துக்கு வழி பார்க்கிற வேலை மட்டும்.
இதில் இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும்.
ஆபீஸும் போய் அடுப்பும் பார்க்கிற மாதிரி
என்றாள் சகாயமேரி, டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி.

அந்த இரண்டு வேலையும் சந்திக்கிற மூட்டில்
ஆறு எஃகுக் குண்டுகள், கறுப்புக் கிரீஸ்,
மேலே துருத்தி போல மடிப்பு மடிப்பாய் ரப்பர் உறை.
உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே,
தேவனாம்பட்டினத்து மணல் உள்ளே.
அப்புறம் குண்டுகளுக்கு வாய் வந்துவிடும்.

ஹப் நட்டு அசையவில்லை.
ஸ்பேனரில் பைப்பைச் செருகி நான் ஏறி நின்றேன்,
ஜோதிலிங்கம் என் தோளைப் பிடித்துத் தொங்கினான்.
எங்கள் இருவர் எடையையும் யோசித்துப் பார்த்துவிட்டு
கடைசியில் ஒரு கத்து கத்தி விட்டுக்கொடுத்தது.
புது ஷாஃப்டு சென்னையிலும் இல்லை என்றார்கள்.

தவளக்குப்பம் காயலாங்கடை.
மூன்று ஐகான், ஒன்றின்மேல் ஒன்று.
அடிவண்டிக்குக் கீழே மல்லாக்கப் புகுந்தபோது
உறையின் கழுத்தில் ஒரு கம்பிக்கட்டு.
நாலு முறுக்கு. நுனி உள்பக்கம் மடக்கியது.
என் முறுக்கு.

டாக்டர் ஃபிலோமினா வண்டி,
தானே புயலுக்கு அடுத்த மாதம்.
கிளாம்பு எங்கும் கிடைக்காத நேரம்.
கூரைத் தகரம் கட்ட வாங்கியதில் மிச்சமான கம்பி.
பில்லில் எழுதினேன்:
கம்பெனி கிளாம்பு, நூற்றைம்பது.
கூட்டிக்கூடப் பார்க்காமல் கொடுத்தார்.

இத்தனை வருடம் அந்தக் கம்பி விடவில்லை.
ஒரு பொட்டுக் கிரீஸ் கசியவில்லை.
பெருமைப்படுவதா என்ன செய்வது என்று தெரியாமல்
முதுகுக்கடியில் கண்ணாடிச் சில்லுகளோடு
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

பாண்டியிலிருந்து வருகிற பஸ்ஸில்
நீளமாய், கனமாய், பேப்பரில் சுற்றி மடியில் ஒன்று இருந்தால்
ஆல்பேட்டை செக்போஸ்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.
"பிரி."
"டிரைவ் ஷாஃப்டு சார்."
"ஆளுக்கொரு பேர் வச்சிருக்கீங்க."
அவரே கையை விட்டார்.
மணிக்கட்டு வரை கறுப்பாக வெளியே வந்தது.
மோந்தும் பார்த்தார்.
பஸ் முழுக்கச் சிரித்தது.
துடைக்க நான் நீட்டிய துணியிலும் கிரீஸ்.

புது உறை, புது கிரீஸ், இந்த முறை நிஜமான கிளாம்பு.
மாட்டி முடித்தும் மனசு கேட்கவில்லை,
மேலே கம்பியையும் ஒரு சுற்றுச் சுற்றி
நுனியை உள்பக்கம் மடக்கினேன்.

கடற்கரை மைதானத்தில் முழுக்க ஒடித்து
வட்டம் வட்டமாகச் சுற்றினோம்.
இரண்டு நாய்கள் கூடவே ஓடிவந்து சலித்து உட்கார்ந்தன.
டக் இல்லை.
அலை கேட்டது, சுண்டல்காரர் மணி கேட்டது.
மாசிலாமணி காதைச் சாய்த்தார்:
"கீச்சுனு ஒண்ணு கேக்குதே?"

ஃபேன் பெல்ட்.
ரொம்ப நாளாகக் கீச்சிட்டிருக்கும்,
பெரிய சத்தம் அதைப் பேசவிடவில்லை.

பில்லில் எல்லாம் எழுதினேன்,
பழைய ஷாஃப்டு என்பதையும்.
கடைசி வரி: கம்பி, ஒரு சுற்று.
எதிரே ஒரு கோடு இழுத்தேன்.
"இது என்ன, தொகை போடலையே?" என்றார்.
முன்பணம் வந்துவிட்டது என்றேன்.