ஐயாயிரத்து இருநூறு

நூறு மில்லி தண்ணீருக்கு ஒரு கிராம் மாவு.
கலக்கியில் இரண்டு நிமிடம்,
பிறகு இரண்டு மணி நேரம் அப்படியே விட வேண்டும்.
ஜோத்பூரில் சும்மா இருப்பதற்கும்
சம்பளம் தரும் வேலை என்பாள் தாபு.

அப்புறம் சுழல்தண்டு இறங்கும்.
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பதுபோல
தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும்.
நாலாயிரம், நாலாயிரத்து எண்ணூறு,
ஐயாயிரத்து இருநூறில் எண் நிற்கும்.

கொத்தவரைதான்.
நீங்கள் பிஞ்சில் பறித்துப் பொரியல் செய்வதை
இங்கே முற்றவிட்டு, உலர்த்தி, அடிக்கிறார்கள்.
தோலும் முளையும் எருமைக்கு,
நடுவிலிருக்கும் வெள்ளைச் சில்லு ஆலைக்கு.
கொஞ்சம் ஐஸ்கிரீமுக்குப் போகும்.
கொஞ்சம் சூரத்துக்கு,
சேலையில் சிவப்பு பச்சைக்குள் கசியாதிருக்க.
மிச்சமெல்லாம் கப்பலில், டெக்சாஸுக்கு.

அங்கே தண்ணீரால் பாறையைப் பிளக்கிறார்கள்.
விரிசல் மூடாதிருக்க உள்ளே மணல் போக வேண்டும்.
வெறும் தண்ணீர் மணலைச் சுமக்காது,
பாதி வழியில் போட்டுவிடும்.

"மணலுக்கா இவ்வளவு பாடு?" என்றான் தம்பி பூராராம்.
பார்மேரில் அவன் காலையில் கதவைத் திறக்க
மண்வெட்டி வேண்டும்.
"கேட்டிருந்தால் அதையும் அனுப்பியிருப்போமே."

குவிண்டால் முப்பதாயிரம் தொட்ட வருஷம்
விதைக்கு வைத்திருந்ததையும் விற்று ஜீப் வாங்கினான்.
அடுத்த பருவத்தில் எல்லோரும் விதைத்தார்கள்,
சுடுகாட்டு ஓரத்தில்கூட.
டெக்சாஸ்காரர்கள் அதற்குள்
மலிவாக வேறெதையோ கரைத்துக்கொண்டார்கள்.
ஜீப்பில் இப்போது ஆடுகள் போகின்றன,
அதுவும் இறக்கத்தில்.

தாபு என்றால் அவர்கள் பேச்சில் போதும்.
நாலாவதாகவும் பெண் பிறந்தபோது வைத்த பெயர்.
பெயர் பலித்தது, அடுத்தது பூராராம்.

இன்று மதியம் மேலாளர் மேத்தா வந்தார்.
வாங்குபவர் ஐயாயிரத்து ஐந்நூறு கேட்கிறாராம்.
"இன்னொரு தரம் பாரேன்."
பார்த்தாள்.
"கொஞ்சம் ஏற்றி எழுதினால் என்ன?"
தண்டு நிற்கும்வரை அவள் பதில் சொல்லவில்லை.
பிறகு அதே எண்ணை எழுதி
அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மூட்டைக்கு மூட்டை ஒட்டியிருக்கிறது, போதும் போதும் என்று.
ஹூஸ்டனில் யாரும் அதைப் பெயரென்றுகூட
நினைக்க மாட்டார்கள்.

குவளையைக் கழுவ வேண்டும்.
விரலை விடாது இந்தப் பிசின்,
நாலு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும்.
குழாயில் தண்ணீர்
திங்களும் வியாழனும்.
இன்று செவ்வாய்.