பத்து நாள்

ஃபெரட்டுக்கு நரம்பு தேடுவது கஷ்டமாம்.
ஜெலுத்தோங் கிளினிக்கில்
நகத்தைச் சற்று ஆழமாய் வெட்டினார் டாக்டர் ஓங்.
ஒரு சொட்டு.
கிச்சாப் கத்தவில்லை,
என் சட்டைப் பொத்தானைத்தான் கடித்தது.

வைரஸ் உண்டா இல்லையா, கோலாலம்பூரிலிருந்து
பத்து நாளில் வரும்.
அதுவரை தனிக்கூண்டு, தனிக்கிண்ணம்,
ஒன்றைத் தொட்டபின் கை கழுவித்தான் மற்றது.

இரவு ஷிப்ட் முடிந்து வந்தால்
மிலோ கம்பியிடையே மூக்கைத் திணித்தபடி.
எந்த வால் எதனுடையதென்று தெரியாமல்
ஒரே துணித்தொட்டிலில் சுருண்டு கிடந்தவை.

பதினோராம் நாள் ஹஸ்லினா கூப்பிட்டாள்:
"இரண்டில் ஒன்று பாசிட்டிவ்."
எது என்று கேட்பதற்குள்
லைனில் நிறுத்திவிட்டு
ஃபைல் எடுக்கப் போய்விட்டாள்.

இரண்டு கூண்டுக்கும் நடுவில்
ஈரக் கையோடு நிற்கிறேன்.
இரண்டும் கம்பிக்கு வந்துவிட்டன.