கடைசிப் பந்தி

வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்கே இருட்டு.
சாவி என்னிடம்.
பூட்டுத் துவாரத்தில் உறைபனி.
குனிந்து வாய்வைத்து ஊதினேன்.
சாலையில் போன டிராக்டர்
ஒருகணம் வேகம் குறைத்து
பிறகு போனது.

உள்ளே, வெளியைவிடக் குளிர்.
ஆறு வாரமாக யாரும் மூச்சுவிடாத கூடம்.
வந்த குளிரில் ஒன்றைக்கூடச் செலவழிக்காமல்
மொத்தத்தையும் சேர்த்து வைத்திருந்தது.
மேடையோரம் வெப்பமானி: இரண்டு டிகிரி.
கரும்பலகையில் அக்டோபர் மாதத்துச்
சீட்டாட்டக் கணக்கு.

நாளை இரண்டு மணிக்கு
மர்டோ சின்க்ளேருக்குக் கல்யாணம்.
வேலி போடுகிறவன், அறுபத்தோரு வயது, இரண்டாம் முறை.
அவளுக்கும் இரண்டாம் முறைதான்:
வில்மா, கால்நடை மருத்துவமனையில்
தொலைபேசி எடுப்பவள்.
நாற்பது பேர் வருவார்கள் என்றாள்.
"கொஞ்சம் சூடாக இருக்குமா?" என்றும் கேட்டாள்.

இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

தலைக்குமேல் நான்கு சிவப்புக் கம்பி ஹீட்டர்கள்.
காசு போட்டால் எரியும்,
தீர்ந்தால் டொக்கென்று அணையும்.
இவற்றின் கீழ் உட்கார்ந்தால்
தலை ஸ்பெயினில், கால் நார்வேயில்.
மூன்று குளிர்காலமாகக் குழு இதைப் பேசுகிறது.
எலக்ட்ரீஷியன் லாக்லன் சொல்வான்:
கூடத்தைச் சூடாக்காதே, மனிதரைச் சூடாக்கு.
பொருளாளர் ஊனா சொல்வாள்:
குளிர்காலம் முழுக்க எட்டு டிகிரியில் வை,
கல் தாங்கிக்கொள்ளும்.
அதற்கான பணம் இல்லை என்பதையும்
அவளே சொல்வாள்.
நடவடிக்கைக் குறிப்பில் ஒரே வரி:
மேலும் ஆராயப்படும்.
கோட்டு போட்டுக்கொண்டு கையெழுத்திடுவோம்,
கையுறையைக் கழற்றாமல்.

ஒரு டப்பா நிறைய பவுண்டு காசுகள்.
போட்டேன்.
கம்பிகள் சிவந்தன.
கிடங்கிலிருந்த எண்ணெய் ஹீட்டர் இரண்டையும்
இழுத்துவந்து இருமவைத்தேன்.

இரவு பத்துக்கு ஐந்து டிகிரி.
முதல் சூட்டைச் சுவர்தான் குடிக்கிறது,
இரண்டடிக் கல், நூறு வருடத் தாகம்.
அடுத்து உத்தரம், அடுத்து நாற்காலிகள்,
பெட்டிக்குள் அடுக்கிய தேநீர்க் கோப்பைகள்.
மனிதருக்குக் கடைசிப் பந்தி.

சனிக்கிழமை பனி கொட்டி மலைப்பாதையை மூடியது.
நாற்பதில் பதினோரு பேர் வந்தார்கள்.
வெப்பமானி ஒன்பது.
சுவர் வியர்த்தது.
உத்தரத்திலிருந்து சொட்டிய நீர்
கேக்கின் வெள்ளைச் சர்க்கரையில்
சின்னதாக ஒரு குழி பறித்தது.
வில்மா அதன்மேல் ஒரு செர்ரிப்பழம் வைத்தாள்.

உட்கார்ந்திருக்கும் ஆள் நூறு வாட் என்றான் லாக்லன்,
ஆடினால் நாலு மடங்கு.
அதனால் ஆடினோம்.
அக்கார்டியன்காரன் பனியின் அந்தப் பக்கம்.
ஊனாதான் மேசையில் தாளம் தட்டினாள்.
ரப்பர் பூட்ஸோடு மர்டோ,
கம்பளிச் சால்வைக்குமேல் மணப்பூ குத்திய வில்மா.
மூன்றாம் சுற்றில் யாரோ கோட்டைக் கழற்றி
நாற்காலியில் போட்டார்கள்.
பிறகு இன்னொருவர்.
ஜன்னல் கண்ணாடி எல்லாம் புகைந்து
வெளியே பனி பெய்கிறதா என்பதே
தெரியாமல் போயிற்று.

ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள்.
எண்ணெய் தீரட்டும் என்று
இரண்டையும் எரியவிட்டுப் போனேன்.
சுவர் காயாவிட்டால் பூஞ்சை ஏறும்;
அடுத்த முறை வருபவருக்கு நாற்றம் அடிக்கும்.
அடுத்த முறை எப்போது என்று தெரியவில்லை.

ஞாயிறு பதினொரு மணி, கூட்டிப் பெருக்கப் போனேன்.
கதவைத் திறந்ததும்
முகத்தில் ஒரு பெருமூச்சு.

பதினெட்டு டிகிரி.

சுவரில் உள்ளங்கை வைத்தேன்.
மாட்டின் விலாவைத் தொட்டதுபோல் இருந்தது.
கல்லுக்கு வயிறு நிறைந்துவிட்டது,
இப்போதுதான் திருப்பிக் கொடுக்கிறது,
காலி நாற்காலிகளுக்கு.

ஜன்னல் இடுக்கில் உறங்கிய ஈ ஒன்று
வசந்தம் என்று நம்பி எழுந்து
கேக் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மீட்டரில் முள் இன்னும் பூஜ்யத்தைத் தொடவில்லை,
நாற்பது நிமிடம் மிச்சம்.
மர்டோவின் காசு.
போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன்.
சொல்லி என்ன?

துடைப்பத்தைச் சாய்த்துவைத்தேன்.
கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரையும்.
பூட்ஸைக்கூட.
ஹீட்டர் டொக்கென்று அணையும்வரை
நடுக்கூடத்தில் காலுறையோடு
உட்கார்ந்திருந்தேன்.

ஈ இன்னும் கொஞ்சநேரம் பறந்தது.