தடைசெய்யப்பட்ட வண்டி

விடியற்காலை வானொலியில் பேச்சு நின்று
பேண்டு வாத்தியம் தொடங்கினால்
எங்களுக்குத் தெரிந்துவிடும்.
ஹம்ஸாத்து முதலில் எண்ணெய்க் கடைக்கு ஓடுவாள்.
வந்தது யார் என்பதைப்
பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நான் கிம்பா. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்.
நைஜர் ஆற்றங்கரையில்,
மாலி எல்லைக்கு அரை டாங்க் பெட்ரோல் தூரத்தில்
என் பட்டறை.
தொழிலுக்கு வந்து பதினாறு வருஷம்.
அதில் தொழில் செய்ய விட்டது
ஒன்பதோ என்னவோ.

முந்தைய அரசு இங்கே மோட்டார் சைக்கிளைத் தடைசெய்தது.
துப்பாக்கிக்காரர்கள் அதில்தான் வருகிறார்களாம்.
அந்த அரசைக் கவிழ்த்தவர்கள்
தடையை நீக்கி
நாற்பது நாள் கழித்து
வேறொரு தடை போட்டார்கள்.
ஆணையின் எண்தான் புதிது.
இரண்டு தடையிலும்
துப்பாக்கிக்காரர்கள் வண்டியில்தான் வந்தார்கள்.
படுத்தபடியே எண்ணினேன்:
சீன வண்டி பதினான்கு.
மூன்றில் வால்வு தட்டுகிறது,
ஒன்றில் செயின் தளர்ச்சி.
அரை மணி வேலை.
இப்படி நினைத்ததற்காக விடியும்வரை தூங்கவில்லை.

ஆனால் அந்த நாற்பது நாள் பொய்யில்லை.
சோதனைச் சாவடியில் யாரும் கை நீட்டவில்லை.
அதே தகரப் பீப்பாய், அதே குறுக்குக் கயிறு,
அதே பையன்.
கயிறு மட்டும் கேட்காமலே இறங்கியது.
யாயே ஞாயிற்றுச் சந்தையில் ஆடு விற்று
முழுப் பணத்தோடு திரும்பினான்.
ஹம்ஸாத்து
நீலப் பூ போட்ட எனாமல் கிண்ணம் வாங்கினாள்.
பூட்டிய பள்ளிக்கூடத்தை
ஒருவர் வந்து டேப் வைத்து அளந்துகூடப் போனார்.

நாற்பத்தொன்றாம் நாள்
"டீக்கு ஏதாவது" என்றான் காவலன்.
தரையைப் பார்த்துத்தான் கேட்டான்.
தோளில் புதுப் பட்டை,
காலில் பிய்ந்த செருப்பு.
கொடுத்தேன். எனக்கும் கூச்சமாக இருந்தது.

தம்பி செய்னி நியாமேயிலிருந்து பேசினான்.
அன்று தலைநகரத் தெருவில்
தொண்டை கட்டக் கோஷம் போட்டவன்.
"இப்போது அங்கே அமைதிதானே, அண்ணா?"
சந்தை கூடுவதில்லை,
இருட்டினால் யாரும் நடமாடுவதில்லை,
நாய்களைக்கூட யாயே விற்றுவிட்டான்.
"சத்தமே இல்லை" என்றேன்.
அவனுக்குச் சந்தோஷம்.

பட்டறைக்குள் ஒரு வண்டி நிற்கிறது, என்னுடையது.
வாரம் ஒருமுறை கதவைச் சாத்தி
உதைத்துக் கிளப்பி, பத்து எண்ணி, நிறுத்திவிடுவேன்.
விட்டுவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.
முதல் தடவை
நான் மூன்று எண்ணுவதற்குள்
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில்.

இப்போதெல்லாம்
சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு
அந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்டு வந்த பிறகுதான்
கிக்கரில் காலை வைக்கிறேன்.